செம்பும் சேருவிலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த ஆண்டு விழாவிலே விஞ்ஞானம் சம்பந்தமாக ஏதேனும் பேசுமாறு நமது செயலாளர் அண்ணன் என்னைப் பணித்தார். செம்பைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "எந்தச் செம்பு தம்பி, கோயிற் செம்பா, வீட்டுச் செம்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டதில் உண்மை ஒன்று இருக்கிறது. நமது மொழியிலே பாத்திரத்துக்கும் உலோகத்துக்கும் ஒரே பெயர். இரும்பால் எத்தனையோ பொருள் செய்கிறோம்; அவற்றுள் எதையும் நாம் இரும்பு என்று அழைப்பதில்லை. தண்ணீர் மொள்ளும் கலம் எவர்சில்வரிலே வந்தாலும் பிளாஸ்ரிக்கிலே வந்தாலும் அதைச் செம்பு என்றே சொல்லுகிறோம். அவ்வளவு நெடுங்காலமாக அந்த உலோகம் நம்மோடு குடியிருந்து வந்திருக்கிறது.

பெத்தாமார் வெற்றிலை வைத்து உபசரிக்கும் வட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பித்தளை, அதாவது செம்போடு நாகம் கலந்தது. கோயில் மணி வெண்கலம். செம்போடு தகரம் கலந்தது. அரசர்கள் நிலம் வழங்கியதைப் பொறித்து வைத்த சாசனம் செப்பேடு. சோழர் காலத்துத் திருமேனிகள், பொலன்னறுவையிலே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த நடராசர் உள்ளிட்ட வடிவங்கள் ஆகிய யாவற்றுக்கும் மூலம் செம்பே. இவற்றுக்கெல்லாம் செம்பு எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை கேட்டதில்லை. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அது ஓரளவுக்கே சரி.

இந்த இலங்கைத் தீவுக்குத் தம்பபண்ணி என்று ஒரு பழம்பெயர் உண்டு. தாமிரபரணி என்பதும் அதுவே. கிரேக்கர் அதனைத் தப்ரபேன் என்றனர். கரையில் இறங்கியோரின் கைகள் செம்மண் பட்டுச் சிவந்தமையால் அப்பெயர் வந்தது என்று மகாவம்சம் ஒரு கதை கூறும். அதே மகாவம்சம், துட்டகைமுனு மன்னன் மகாதூபத்தைக் கட்ட முனைந்தபோது கங்கைக்கு அப்பாலே தம்பபிட்டி என்னும் இடத்தருகே செம்பு தோன்றியது என்றும் கூறுகிறது. கங்கை என்றது மகாவலியை. இது பக்தியால் எழுந்த புனைவு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1971ஆம் ஆண்டிலே நிலைமை மாறிற்று. அவ்வாண்டிலே நமது நாட்டின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலைப் பகுதியிலே, மகாவலிக்கு இப்பாலே, செம்புத் தாதும் காந்த இரும்புத் தாதும் கலந்த படிவு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் தொல்லியல் அறிஞர் சுதர்சன் செனவிரத்ன அப்பகுதியை ஆராய்ந்து, ஆதிகாலத்து மக்கள் அந்தச் செம்பை அறிந்து பயன்படுத்தினர் என்ற கருத்தை எழுதினார்.

சேருவிலை எங்கேயோ இருக்கிறது என்று எண்ணவேண்டாம். இச்சபையிலுள்ளோரிற் பலர் ஆண்டுதோறும் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள். வாழைச்சேனை, வாகரை, கதிரவெளி கடந்து வெருகல் ஆற்றைத் தாண்டி, ஈச்சிலம்பற்றையும் விட்டுச் சற்று வடக்கே சென்றால் அதே வீதியிலே சேருநுவர வந்துவிடும். அதன் பக்கத்திலேதான் இந்தத் தாது கிடக்கிறது. புவிச்சரிதவியலார் இலங்கையின் பாறைகளை உயர்நிலத் தொடர் என்றும் விஜயன் தொடர் என்றும் பகுப்பார்கள். இவ்விரு தொடர்களும் ஒன்றையொன்று முட்டும் எல்லைக்கு அண்மையிலே இந்தப் படிவு அமைந்துள்ளது. அங்குள்ள செம்பு தனிச் செம்பாக இல்லை. செம்பும் இரும்பும் கந்தகமும் ஒன்றாய்ப் பிணைந்த, பித்தளை போல மஞ்சளாய் மின்னும் ஒரு கனியமாக இருக்கிறது. கந்தகம் என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இதுவரை அங்கே பெருஞ்சுரங்கம் எதுவும் வெட்டப்படவில்லை. இனி வெட்டவேண்டுமா, கூடாதா? இதுவே நான் உங்கள் முன் வைக்க வந்த கேள்வி. இதற்கு விடை தேடுவதாயின் உலகத்துச் செம்பின் கதையைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய காலத்தில் செம்பு பாத்திரத்துக்கும் சிலைக்கும் நாணயத்துக்கும் வேண்டியிருந்தது. இன்று அது மின்சாரத்துக்கு வேண்டியிருக்கிறது. உலோகங்களுள் மின்னைக் கடத்துவதில் வெள்ளியே முதலாவது, செம்பு இரண்டாவது. வெள்ளியில் கம்பி இழுத்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க எந்த நாட்டாலும் முடியாது. ஆகவே மோட்டார், மின்பிறப்பாக்கி, சுவருக்குள் ஓடும் கம்பி, கையடக்கத் தொலைபேசி ஆகிய எல்லாவற்றினுள்ளும் இருப்பது செம்பு. பெற்றோல் காரிலும் செம்பு உண்டு. ஆனால் மின்சாரத்தால் ஓடும் கார் ஒன்றுக்கு அதனிலும் மூன்று நான்கு மடங்கு, ஏறத்தாழ 80 கிலோ செம்பு வேண்டும். சூரிய மின்நிலையங்களும் காற்றாலைகளும் செம்பை விழுங்குகின்றன. சம்பூரைப் பாருங்கள். அங்கே நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் யோசனை 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அதே சம்பூரிலே சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது. புகையில்லாத மின்சாரம் வருவது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. ஆனால் அதற்குரிய செம்பை யாரோ ஒருவருடைய ஊரிலே, யாரோ ஒருவருடைய மலையை உடைத்தே எடுக்கிறார்கள் என்பதையும் நினைக்கவேண்டும்.

2024ஆம் ஆண்டிலே உலகத்துச் சுரங்கங்கள் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் டொன் செம்பை எடுத்தன. அதில் 53 இலட்சம் டொன் தென்னமெரிக்காவின் சிலி நாட்டினுடையது. அடுத்தவை கொங்கோவும் பெருவும். சிலியின் பாலைவனத்தில் உள்ள எஸ்கொந்திதா என்ற ஒரே சுரங்கம் உலகச் செம்பிலே இருபதில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது. அங்கேயே சுக்கிகமாத்தா என்று இன்னொன்று உண்டு. 1915 தொடக்கம் வெட்டி வெட்டி, நீளம் 4 கிலோமீற்றருக்கு மேலும் ஆழம் ஒரு கிலோமீற்றரை அண்மித்தும் உள்ள குழியாகிவிட்டது அது. நமது கல்லடிப் பாலத்தருகே நின்று அப்படியொரு குழியை மனத்திலே வரைந்து பாருங்கள். ஊரே உள்ளே போய்விடும். அங்கேயும் ஊர் போயிற்று. சுரங்கத்தை அண்டியிருந்த தொழிலாளர் நகரத்தைப் புழுதியும் புகையும் கழிவும் சூழ்ந்தபடியால், 2000களிலே அத்தனை குடும்பங்களும் கலாமா என்ற ஊருக்கு இடம்பெயர்க்கப்பட்டன. 2019இலிருந்து அங்கே நிலத்துக்கடியிலும் தோண்டுகிறார்கள். இதில் எனக்கு வியப்பான செய்தி ஒன்று. சேருவிலையில் செம்பு கண்டுபிடிக்கப்பட்ட அதே 1971ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான், சிலி நாட்டுப் பாராளுமன்றம் ஒரு வாக்குக்கூட எதிராக விழாமல் பெருஞ் செம்புச் சுரங்கங்களை அமெரிக்கக் கொம்பனிகளிடமிருந்து நாட்டுடைமையாக்கியது.

செம்பை எடுப்பது எவ்வாறு என்பதையும் சுருக்கமாகக் கூறுகிறேன். நான் பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே இரசாயன ஆய்வுகூடத்தில் துருசுக் கரைசலுக்குள் ஓர் இரும்பாணியைப் போட்டு வைப்போம். சிறிது நேரத்தில் ஆணியின்மேற் செம்பு சிவப்பாய்ப் படியும். நீலக் கரைசல் வெளிறும். தம்பிமார் இதைச் செய்து பார்க்கலாம், செலவு அதிகமில்லை. சுரங்கத்தில் இப்படி இலகுவாகக் கிடைப்பதில்லை. பாறையை வெடிவைத்து உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரும் நுரைக்கும் மருந்தும் சேர்த்துக் கலக்குகிறார்கள். செம்புக் கனியம் நுரையோடு மேலே மிதக்கும்; மண்ணும் கல்லும் கீழே தங்கும். அந்த நுரையை வடித்து உலர்த்தினால் நூற்றுக்கு 25 அல்லது 30 பங்கு செம்புள்ள கறுத்த தூள் கிடைக்கும். இதைத்தான் கப்பலில் ஏற்றி விற்கிறார்கள். பிறகு உருக்காலையிலே உருக்கி, கடைசியில் மின்பகுப்பினாலே நூற்றுக்கு 99.99 பங்கு தூய செம்பாக்குகிறார்கள்.

கணக்கு ஒன்று போடுவோம். இன்று பல பெருஞ் சுரங்கங்களில் நூறு கிலோ பாறையிலே இருக்கும் செம்பு ஒரு கிலோவுக்கும் குறைவு. 600 கிராம் என்று கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மின்சாரக் காருக்குரிய 80 கிலோ செம்புக்கு 13 டொன்னுக்கு மேற்பட்ட பாறையை அரைக்க வேண்டும். பாறையை மூடியிருக்கும் மண் இக்கணக்கில் சேரவில்லை. எண்பது கிலோவை எடுத்துக்கொண்டு, மிச்சம் பதின்மூன்று டொன்னையும் சேறாக ஓரிடத்தில் கொட்டவேண்டும். செம்பின் கதையில் பாதிக்கு மேல் அந்தச் சேற்றின் கதை என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சேற்றிலே கந்தகம் கலந்த கனியம் மிஞ்சியிருந்தால், காற்றும் மழைநீரும் பட்டு அது அமிலமாக மாறும். அமிலம் பாறையிலுள்ள வேறு உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கும். சுரங்கத்தை மூடிப் பல பத்தாண்டு சென்றாலும் இது நிற்காது. உருக்கும்போதும் அதே கந்தகம் மூச்சை அடைக்கும் வாயுவாக வெளியேறும். நல்ல ஆலைகள் அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்றுவிடுகின்றன. நல்ல ஆலை எது, கெட்ட ஆலை எது என்பதை ஆலைக்குப் பக்கத்திலே குடியிருப்பவனே முதலில் அறிவான்.

இத்தனை பெரிய தொழில் எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகிறது என்பதை அண்மைக் காலத்திலே கண்டோம். 2023 நவம்பரில் பனாமா நாட்டு உயர் நீதிமன்றம், அங்குள்ள பெரிய செம்புச் சுரங்கத்தின் ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது, சுரங்கம் மூடப்பட்டது. உலகச் செம்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. 2025 செப்டெம்பரில் இந்தோனேசியாவின் பப்புவா மலையிலுள்ள கிராஸ்பேர்க் சுரங்கத்திலே, நிலத்துக்கடியில் எட்டு இலட்சம் டொன் அளவிலான ஈரச் சேறு பாய்ந்து ஏழு தொழிலாளர் மாண்டனர். உலகத்துச் செம்பிலே ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு தந்த சுரங்கம் அது. கொடுத்த வாக்குப்படி செம்பு தர இயலாது என்று கொம்பனி அறிவித்ததும் இலண்டன் சந்தையில் விலை ஏறிற்று. அதற்கு முன்னரே, 2024 மே மாதத்தில், ஒரு டொன் செம்பு முதன்முறையாக 11,000 டொலரைத் தாண்டியிருந்தது. அந்த விலை நமது ஊருக்கும் வந்து சேருகிறது. தொலைபேசிக் கம்பியையும் புகையிரதச் சைகைக் கம்பியையும் இரவோடிரவாக அறுத்துச் செல்லும் திருடன் இலண்டன் சந்தையை வாசிப்பதில்லை; பழைய உலோகம் வாங்குகிறவர் சொல்லும் விலை அவனுக்குப் போதும்.

இங்கே இடையிலே ஒரு வேடிக்கை. சுரங்கமே இல்லாத நமது நாடு ஒரு காலத்திலே செம்பு ஏற்றுமதி செய்தது. இந்தியாவோடு செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வேறு நாடுகளிலிருந்து நேரே இந்தியா போகும் செம்புக்குத் தீர்வை அதிகம். இலங்கையிலிருந்து போனால் தீர்வை இல்லை. ஆகவே பிறநாட்டுப் பழஞ் செம்பை இங்கே இறக்கி, உருக்கி வார்த்து, மறுபடி கப்பலேற்றினார்கள். இந்தியாவுக்கு நாம் ஏற்றுமதி செய்தவற்றுள் செம்பு முன்னணிக்கு வந்துவிட்டது! சில ஆண்டுகளில் இந்தியா விதிகளை இறுக்கவே அந்த வியாபாரம் சரிந்தது. சட்டத்தின் சந்தொன்றிலே முளைத்த தொழில், சந்து அடைபட்டதும் பட்டுப்போயிற்று.

சாம்பியா தேசத்துக்கு இலங்கையிலிருந்து ஆசிரியர் பலர் சென்றதைப் பெரியோர்கள் அறிவீர்கள். 1964இல் சுதந்திரம் பெற்றபோது அந்நாட்டின் ஏற்றுமதி ஏறக்குறைய முழுவதும் செம்புதான். விலை உயர்ந்திருந்தபோது பாடசாலைகள் கட்டினார்கள், பிறநாட்டு ஆசிரியர்களை அழைத்தார்கள். 1975 அளவில் விலை விழுந்தது. நாடு கடனில் மூழ்கிற்று. ஒரே பொருளை நம்பிய வீடு அது. 2025 பெப்ரவரியிலே அங்கே ஒரு செம்பு ஆலையின் கழிவணை உடைந்து, அமிலக் கழிவு கபூவே ஆற்றிலே கலந்தது. மீன் செத்து மிதந்தது; கிற்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்திலே, தாமிரபரணிக் கரையிலே ஆதிச்சநல்லூர் என்று ஓர் ஊர் உண்டு. 1899 தொடக்கம் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பார் அங்கே அகழ்ந்து, தாழிகளோடு அழகிய வெண்கலப் பொருள்களையும் எடுத்தார். எருமையும் ஆடும் கோழியும் மூடியிலே நிற்கும் சாடிகள் அவை. அதே மாவட்டத்திலே, மராட்டிய நாட்டு இரத்தினகிரி மக்கள் வேண்டாம் என்று எதிர்த்து 1993இல் நிறுத்திய ஓர் உருக்காலைக்கு 1994இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரெர்லைற் ஆலை என்பது அதன் பெயர். தாது தமிழ்நாட்டினுடையதன்று, கப்பலில் வந்திறங்கியது. ஆண்டுக்கு 4 இலட்சம் டொன் செம்பு தரக்கூடிய ஆலையாக அது வளர்ந்து, இந்தியாவின் தூய செம்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவைத் தந்தது. 2013இல் வாயுக் கசிவு பற்றிய முறைப்பாடு எழுந்தது. அவ்வாண்டிலேயே இந்திய உச்ச நீதிமன்றம், சூழலைக் கெடுத்தமைக்காக 100 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. எனினும் ஆலையை மூடச் சொல்லவில்லை. பிறகு ஆலையை இருமடங்காக்க முனைந்தார்கள். மக்கள் போராடினார்கள். போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22ஆந் திகதி பொலிசார் சுட்டனர். அன்றும் மறுநாளுமாகப் பதின்மூன்று உயிர்கள் போயின. மே 28இல் தமிழ்நாட்டு அரசு ஆலையை மூட ஆணையிட்டது. கொம்பனியின் இறுதி முறையீட்டை 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆலை மூடியபின் இந்தியா செம்பை ஏற்றுமதி செய்த நாடு என்ற நிலை மாறி, இறக்குமதி செய்யும் நாடாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் செம்பு வேண்டும் என்று கணக்குக் காட்டுவோர், அந்தப் பதின்மூன்று பேரை எந்தப் பக்கத்திலே எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றிலும் நம் மனத்தைத் தொடவேண்டியது இன்னொரு தீவின் கதை. அவுஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்த பூகன்வில் தீவு. மட்டக்களப்பு மக்களாகிய நமக்கும் அவர்களுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. நம்மவர் குடி தாய்வழி. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாய் இறங்குபவை. பூகன்வில்லிலும் பெரும்பாலான இடங்களில் நிலம் தாய்வழியே வருவது. நிலத்தைப் பற்றிக் கடைசிச் சொல் பெண்களுடையது.

1960களில் அத்தீவின் பங்குனா மலையிலே பெருஞ் செம்புப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளும் கொம்பனியாரும் ஆண்களோடு பேசினார்கள். பெண்களைக் கேட்கவில்லை. 1969இல் துறைமுகத்துக்கென்று ரொரோவானா கிராமத்து நிலத்தை அளந்து முளையடித்தபோது, கிராமத்துப் பெண்கள் வந்து முளைகளைப் பிடுங்கினார்கள். பொலிசார் கண்ணீர்ப் புகையோடும் தடியோடும் அவர்களை விரட்டினார்கள். 1972இல் சுரங்கம் ஓடத் தொடங்கிற்று. உலகத்தின் மிகப்பெரிய திறந்த சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. பப்புவா நியூகினியின் ஏற்றுமதி வருவாயிலே நூற்றுக்கு நாற்பது அளவை அந்த ஒரு மலை ஈட்டிக் கொடுத்தது. நிலத்துக்குரியவர்க்குக் கிடைத்ததோ சொற்பம். நூறு கோடி டொன்னுக்கு மேற்பட்ட கழிவு ஜாபா ஆற்றிலே விடப்பட்டது. ஆறு மேடாயிற்று, மீன் அற்றது, ஆற்றங்கரைத் தோட்டங்கள் சேற்றிலே புதைந்தன.

1988இன் இறுதியிலே, முன்பு அச்சுரங்கத்திலே வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனா என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் சுரங்கத்தின் மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 1989 மே மாதத்திலே சுரங்கம் மூடப்பட்டது. அரசு படையை அனுப்பிற்று; தீவுக்கு மருந்தும் உணவும் போகாமல் கடலை மறித்தது. தீவினரும் தம்முள் பிரிந்து ஒருவரையொருவர் கொன்றனர். 1998இல் போர் ஓய்ந்தபோது, பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் வரை மாண்டிருப்பர் என்று மதிப்பிட்டனர். அப்போது அங்கிருந்த மக்களின் தொகை இரண்டு இலட்சத்துக்குக் குறைவு. கடல் மறிப்பு என்றால் என்ன, மருந்தில்லாமற் சாவது என்றால் என்ன என்பதை இந்தச் சபையிலே நான் விளக்கவேண்டியதில்லை. என்னைவிட நீங்கள் அறிவீர்கள். நான் அப்போது குழந்தை.

சண்டைக்குச் செம்பு ஒன்றே காரணம் என்று சொல்லுவது சரியன்று. தாம் வேறு மக்கள் என்ற எண்ணம் பூகன்வில் மக்களிடம் சுரங்கத்துக்கு முன்னரே இருந்தது. 2019இல் நடந்த வாக்கெடுப்பிலே நூற்றுக்கு 97க்கு மேற்பட்டோர் தனிநாடு வேண்டும் என்றனர். ஆனால் மனத்திலிருந்த பிணக்குக்கு மலையிலிருந்த செம்பு நெருப்பு வைத்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. சுரங்கத்தை நடத்தியது றியோ ரின்ரோ என்னும் பெருங் கொம்பனியின் கிளை. 2016இல் அக்கொம்பனி தன் பங்கைக் கைவிட்டுப் போயிற்று. ஆறு அப்படியே கிடக்கிறது.

இப்பொழுது சேருவிலைக்குத் திரும்புவோம். அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் அருகருகே வாழ்கிறார்கள். பக்கத்திலே மாவிலாறு. 2006 யூலையிலே அந்த ஆற்றின் மதகை மூடியதிலிருந்து எழுந்த சண்டை எங்கே போய் முடிந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு மதகு நீருக்கே அவ்வளவு. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மழையில் மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு, சேருவிலை, மூதூர், வெருகல் பகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அந்த வெள்ளம் ஓடிய வழியிலே கந்தகம் கலந்த ஒரு கழிவுச் சேற்றுக்குளம் இருந்திருந்தால்? மாரி தோறும் நீர் புரளும் வடிநிலம் அது. சிலியின் செம்பு மழையே காணாத பாலைவனத்திலே கிடக்கிறது; நமது செம்பு நெல்வயலுக்கும் மீன்பிடிக் குடாவுக்கும் நடுவிலே கிடக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் டொலர்க் கணக்கு மாத்திரம் சொல்லுவோரிடம் நாம் கவனமாக இருக்கவேண்டும்.

தோண்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2022இலே எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையிலே நின்ற நாடு இது. நிலத்தினுள் செல்வத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலே கையேந்துவதா என்று கேட்கும் இளைஞனை நான் குறை சொல்லமாட்டேன். கட்டாரிலும் குவைத்திலும் வெயிலிலே வேலை செய்யும் நமது அண்ணன்மார் தம் ஊருக்கு அருகில் வேலை கிடைத்தால் வரமாட்டார்களா? ஆனால் நிபந்தனைகள் வேண்டும். அவை புதியவையல்ல, நமது நாட்டு நீதிமன்றமே ஒருமுறை சொல்லியிருக்கிறது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுப் படிவு ஒன்று உண்டு. 1990களில் அதனைத் தோண்டுவதற்கு அரசு ஓர் அமெரிக்கக் கொம்பனியோடு ஒப்பந்தம் பேசியது. பிரீபோர்ட் மக்மொரான் என்பது அக்கொம்பனி தாங்கிய பெயர். சற்று முன் சொன்ன கிராஸ்பேர்க் சுரங்கத்தை நடத்துவதும் அப்பெயருடைய குழுமமே. எப்பாவலைக் கமக்காரர்களும் ஒரு விகாரைத் தலைவரும் சேர்ந்து, ஏழு பேராக உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000 யூன் மாதத்திலே தீர்ப்பு வந்தது. எங்கே, எவ்வளவு, என்ன தரத்திலே கனியம் இருக்கிறது என்பதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் முழுமையாக ஆராய்ந்து வெளியிடவேண்டும். சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி நடக்கவேண்டும். அதற்கு முன் ஒப்பந்தம் கூடாது என்றது நீதிமன்றம். பழைய மன்னர் கட்டிய குளங்களையும் கால்வாய்களையும் எடுத்துக் காட்டி எழுதப்பட்ட தீர்ப்பு அது. வழக்கறிஞராக விரும்பும் தம்பிமார் தங்கைமார் அதை வாசிக்கவேண்டும்.

சேருவிலையிலும் எந்தக் கொம்பனி வந்தாலும் இதுவே முதற் கேள்வியாக இருக்கட்டும். எவ்வளவு செம்பு இருக்கிறது? கழிவை எங்கே கொட்டுவீர்கள்? மாரி வெள்ளத்தில் அது தாங்குமா? உருக்குவது எங்கே? சுரங்கத்தை மூடும்போது செலவு யாருடையது, அந்தப் பணம் முன்னதாகவே வங்கியிலே வைக்கப்படுமா? பூகன்வில்லின் கதையைக் கேட்டபின் இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன்: பெண்களைக் கேட்டீர்களா?

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட்டால் பொதுமக்கள் அதைப் பார்த்துக் கருத்து எழுதுவதற்கு முப்பது நாள் தரப்படும். முப்பதே நாள். அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். அது தமிழிலே வந்தாலும் அந்தத் தமிழ் ஒரு கமக்காரருக்கோ மீனவருக்கோ விளங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பல்கலைக்கழக விஞ்ஞான மாணவர் நால்வர் சேர்ந்து, சுரங்கத் தொழிலின் சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை முடிந்த பகுதி நமது சங்க வாசிகசாலையிலே இருக்கிறது. பழைய வேலைத்தலங்களிலே பணிசெய்த பெரியோர்கள் அதைப் பார்த்துத் திருத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

அடுத்த போயா விடுமுறையன்று வெருகல் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, அப்படியே சேருவிலைப் பக்கம் போய் அந்த நிலத்தையும் ஆற்றையும் நேரிலே பார்த்துவர எண்ணியிருக்கிறோம். பஸ்ஸிலே இன்னும் பன்னிரண்டு இடம் இருக்கிறது. வர விரும்புவோர் செயலாளர் அண்ணனிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு வரவேண்டும்.